ஒரு மூடி எண்ணெய்

செல்வின் எந்த வேலைக்கும் ஆள் தேடுகிற ரகம் இல்லை. மிக்ஸி நின்றுபோனால் அவனே கழற்றுவான். குழாய் ஒழுகினால் அவனே முறுக்குவான். முறுக்கிய பிறகு முன்னைவிட அதிகமாக ஒழுகினால் குழாயைத்தான் குறை சொல்வான். போடி கடைவீதியில் எலக்ட்ரானிக் தராசு விற்று, பழுதும் பார்க்கிற கடை அவனுடையது. அரை கிராம் வித்தியாசத்தைப் பிடிக்கிற கைக்கு, மோட்டார் சைக்கிளில் கைபிடிக்கிற கிரிப் இரண்டை மாற்ற மெக்கானிக் ஒரு கேடா என்பது அவன் கட்சி. இதில் அவன் அம்மா சுகிர்தத்துக்குப் பெருமை பாதி, எரிச்சல் பாதி.

வண்டியில் இருந்தவை ஒன்பது வருஷத்துக் கிரிப்புகள். வரிவரியாக இருந்த ரப்பர் வழவழவென்று தேய்ந்து, வெயிலில் இளகி, பிடித்த கையில் கரியாக ஒட்டும். சனிக்கிழமைதோறும் மலைக்குப் போய்த் திரும்புகிறவனின் வெள்ளைச் சட்டையில் எங்காவது ஒரு கறுப்பு விரல் பதிந்திருக்கும். அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்தே சுகிர்தத்தின் சோப்புக் கட்டிகள் கரைந்தன. கறையோடு போயிருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாள். போன வாரம் மலையிலிருந்து வந்து சோற்றில் கைவைத்தவன், "பதினோராவது வளைவுல மழையில கை வழுக்கிருச்சும்மா. நல்லவேளை, எதுக்க வண்டி வரல" என்றான். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்கிற அதே குரலில்தான் சொன்னான். சொன்னவன் நன்றாகத் தூங்கினான். கேட்டவள்தான் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் போடிமெட்டுவரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டங்கள். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் தராசு தகராறு செய்தால் வேலை அப்படியே நின்றுவிடும் என்பதால் சனிக்கிழமை போகாமல் இருக்க முடியாது. ஐப்பசி மழையில் அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்தப் பாறை உட்கார்ந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவன் மனைவி ஜெபராணிக்கோ ஏழாம் மாதம். தலைப்பிரசவம் என்று தேவதானப்பட்டியிலிருந்து அவளுடைய அப்பா அம்மா வந்து கூட்டிப்போய்விட்டார்கள். வீட்டில் தாயும் மகனும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், எபனேசர் கடையில் புதுக் கிரிப்புகளை வாங்கிக்கொண்டு செல்வின் சீக்கிரமே வந்துவிட்டான். வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய ரப்பரைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தான். மண்ணெண்ணெய்த் துணியால் ஹேண்டில்பார் கம்பியைத் துடைத்தான். பிறகு ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கித் தரச் சொன்னான்.

"சோப்புத் தண்ணி எதுக்குய்யா?"

"புது ரப்பரு இறுக்கமா இருக்கும்மா. சும்மா தள்ளுனா ஏறாது. சோப்புத் தண்ணியத் தொட்டுத் தள்ளுனா வழுக்கிக்கிட்டு ஏறிரும். அப்புறம் தண்ணி காஞ்சிருச்சுன்னா உடும்புப் பிடிதான். நீ நெனச்சாலும் உருவ முடியாது."

காலேஜில் பாடம் எடுக்கிறவனைப்போல் சொல்லிவிட்டு மக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதற்குள் உள்ளே போன் அடித்தது. ஜெபராணியாகத்தான் இருக்கும். பெண்டாட்டி போன் என்றால் செல்வினுக்குக் கையில் இருப்பதெல்லாம் இரண்டாம்பட்சம். எழுந்து உள்ளே ஓடினான்.

வாசலில் சுகிர்தமும் மக்கும் மட்டும் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய் மட்டும்தான். அது செல்வின் போட்ட சட்டம். ஆறு வருஷத்துக்கு முன் அவன் அப்பாவுக்குக் காலில் ஒரு புண் வந்தது. சர்க்கரை உடம்பு. சுகிர்தம் போய்வந்துகொண்டிருந்த ஒரு ஜெபக்குழுவில் ஒலிவ எண்ணெயில் வாசனை சேர்த்து, ஜெபம்பண்ணிச் சின்னச் சின்ன பாட்டில்களில் கொடுப்பார்கள். விசுவாசத்தோடு தடவுங்கள் என்றார்கள். விசுவாசத்துக்கு அவளிடம் என்ன பஞ்சம்? நாற்பது நாள் தடவினாள். அப்போது மதுரையில் வேலையிலிருந்த மகன் வந்து துணியை விலக்கிப் பார்த்தபோது புண் முழங்காலைத் தொட்டிருந்தது. காலை எடுத்தார்கள். காலை எடுத்தும் ஆளைக் காப்பாற்ற முடியவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே செல்வின் வீட்டிலிருந்த பாட்டில் அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்தான். கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை. "கோயிலுக்குப் போ. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த எண்ணெ பாட்டில் இன்னொருக்க வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே நான் வெளிய போயிருவேன். அதுக்கப்புறம் எனக்கு அம்மான்னு யாரும் கெடையாது" என்றான். சொன்னதைச் செய்கிற பிள்ளை. அது பெற்றவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணீரோடு தலையாட்டினாள்.

தலையாட்டியவள் அடுத்த மாதமே ஒரு பாட்டிலை வாங்கித் தையல் மெஷின் பெட்டிக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். புருஷன் செத்தது எண்ணெயால் இல்லையாம், தன் விசுவாசம் குறைந்துபோனதாலாம். இப்படி ஒருத்தி நினைக்க ஆரம்பித்துவிட்டால் அவளோடு யார் வாதாட முடியும்? மகன் மலைக்குப் போகிற சனிக்கிழமைகளில், அவன் குளிக்கிற நேரம் பார்த்து, அவன் செருப்பில் ஒரு சொட்டு, ஹெல்மெட் வாரில் ஒரு சொட்டு தடவி அனுப்புவாள். ஆறு வருஷமாக அவன் பத்திரமாகத் திரும்பி வருவது அந்தச் சொட்டுகளால்தான் என்று நம்பினாள். போன வாரம் கை வழுக்கியதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. செருப்புக்குத் தடவினாள், ஹெல்மெட்டுக்குத் தடவினாள், கைபிடிக்கிற இடத்தை மறந்துவிட்டாள்.

உள்ளே செல்வின் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. சுகிர்தம் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். புது ரப்பரின் மேலே தடவினால் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மக்கில் ஊற்றினாள். ஒரு சொட்டு இல்லை, ஒரு மூடி. வழுக்கிய கை அல்லவா, மருந்து கூடத்தானே வேண்டும். "கர்த்தாவே, என் பிள்ளை கையை நீரே பிடிச்சுக்கிரும்" என்று முணுமுணுத்தபடி விரலால் கலக்கினாள். வட்டம் வட்டமாக மிதந்த எண்ணெய், சோப்பு நுரையோடு சேர்ந்து பாலாக மாறி மறைந்துபோனது. ஆண்டவரே ஒப்புக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

செல்வின் வந்தான். கிரிப்பின் உள்பக்கத்தை மக்கில் முக்கினான், கம்பியிலும் தண்ணீரை வழித்துவிட்டான், தள்ளினான். இடதுபக்கம் ஒரே தள்ளில் அடிவரை ஏறியது. வலதுபக்கமும் அப்படியே.

"பாத்தியா எப்படிப் போகுதுன்னு! இதுக்குப்போய் எபனேசர் அண்ணன் கடைலயே மாட்டிட்டுப் போன்னாரு." முகர்ந்து பார்த்தான். "என்னம்மா, சென்டு வாசன அடிக்குது?"

"புதுச் சோப்புய்யா."

"நல்லாருக்கு" என்றான். துணியால் மேலே துடைத்துவிட்டு வண்டியை உள்ளே ஏற்றினான்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சுகிர்தம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. மலை இருக்கிற திசையில் மலையைக் காணோம், சாம்பல்நிற மேகம்தான் நின்றது. ஏழரைக்கெல்லாம் செல்வின் தராசுப் பெட்டியைப் பின்சீட்டில் கட்டினான். கிரிப்பை இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தான். "இன்னும் லேசா ஈரம் இருக்க மாதிரி இருக்கு. போகப் போகக் காத்துல காஞ்சிரும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பிப்போனான்.

எட்டரை மணிக்கு எபனேசர் வந்தார். செல்வின் கடைக்கு இரண்டு கடை தள்ளி, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவர். ஐம்பது வயசு. கோயிலில் கமிட்டி ஆள். நாளைக்கு அங்கே அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வருகிற காய்கறியை நிறுக்க ஒரு தராசு வேண்டும் என்று செல்வினிடம் சொல்லிவைத்திருந்தார். அதை எடுத்துப்போக வந்தார். சுகிர்தம் காப்பி கொடுத்தாள். வாசலில் கிடந்த பழைய ரப்பரை எபனேசர் காலால் புரட்டிப் பார்த்தார்.

"அவனே மாட்டிட்டானாக்கும்! சொன்னாக் கேக்க மாட்டான். எதப் போட்டுக்கா ஏத்துனான்?"

"சோப்புத் தண்ணிதான்."

"அப்பச் சரி. சில பேரு இருக்கானுக, ஈசியா ஏறுதுன்னு எண்ணெயப் போட்டு ஏத்துவானுக. தண்ணி காயும், எண்ணெ எங்குட்டுக் காயும்? ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவுல அப்படியே நிக்கும். நம்ம கடைக்கே ஒருத்தன் வந்தான், கிரிப்ப உருவிக் கையில வச்சுக்கிட்டு. மூஞ்சியெல்லாம் தையல்."

சுகிர்தம் காப்பி டம்ளரை வாங்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"கொஞ்சூண்டு பட்டிருந்தாலுமா தம்பி? சோப்புத் தண்ணியோட கலந்து?"

"கொஞ்சம் பட்டாலும் அதே கததான்க்கா. மேட்டுல ஏறையில ஒண்ணும் தெரியாது. லேசா சுத்தும், அம்புட்டுத்தான். இறங்கையிலதான் வெவகாரம். ஒடம்பு பாரம் பூரா ஹேண்டில்பார்ல வந்து உக்காரும். வளைவுல ஒரு அழுத்து அழுத்துனான்னா கிரிப்பு மட்டும் கையோட வந்துரும், வண்டி அது போக்குல போயிரும்." எபனேசர் தராசைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "தெரிஞ்சா ஒண்ணுமில்ல. கழட்டித் துடைச்சுட்டு, ஒரு கட்டுக்கம்பிய வச்சு இறுக்கிட்டா முடிஞ்சுது. சோப்புத் தண்ணின்னா பயமில்லக்கா. அவன் வந்தா நாளைக்குக் கோயிலுக்கு வரச் சொல்லுங்க. வரமாட்டான், இருந்தாலும் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். சுகிர்தம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே ஒரு வாக்கியம். எண்ணெய் பட்டிருக்கிறது, துடைத்துவிட்டு இறங்கு. ஐந்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். போனைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். என்ன எண்ணெய் என்று கேட்பான். தேங்காயெண்ணெய் என்று சொல்லலாம். ஆனால் அந்த வாசனையை அவன்தான் மோந்துவிட்டானே! அது எந்த வாசனை என்று அவன் மூக்குக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருந்தால்? அப்பாவின் படுக்கையைச் சுற்றி நாற்பது நாள் அடித்த வாசனை. ஆறு வருஷம் ஒளித்துவைத்தது ஒரே நொடியில் வெளியே வரும். அவன் போய்விடுவான். நேராகத் தேவதானப்பட்டிக்குப் போய் மாமனார் வீட்டில் இருந்துகொள்வான். பிறக்கப்போகிற குழந்தையைக் கண்ணில்கூடக் காட்டமாட்டான். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

சுகிர்தத்துக்கு மகன் உயிர்மேல் ஆசை இல்லாமலா? உயிரே அவன்தான். ஆனால் அவள் மனசு அவனையும் இழக்கக் கூடாது, அவன் முன்னால் குட்டும் உடையக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதான். ஒன்பது மணி ஆயிற்று. போடிமெட்டைத் தாண்டிவிட்டால் சிக்னல் கிடைக்காது, பிறகு சாயங்காலம் இறங்குகிறவரை அவனைப் பிடிக்க முடியாது. போன் போட்டாள்.

"என்னம்மா?"

"எங்கனய்யா இருக்க?"

"மெட்டுல. டீ குடிச்சுக்கிட்டு நிக்கேன். ஒரே மஞ்சு. பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல."

"கிரிப்பு எப்படிய்யா இருக்கு?"

சிரித்தான். "இதக் கேக்கவா போன் போட்ட? இடது பக்கம் லேசா சுத்துதும்மா. சோப்புத் தண்ணி இன்னும் காயல போல. வெயில் வந்தாச் சரியாப் போயிரும்."

சொல்லிவிட வழி தானாகவே திறந்து நின்றது. காயாதுய்யா, அது காயவே காயாது என்று சொன்னால் போதும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சொல்லும்மா. சிக்னல் போயிரும்."

"நெஞ்சு வலிக்குதுய்யா" என்றாள் சுகிர்தம்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், அந்த நிமிஷம் அவளுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நெஞ்சுவலி என்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். பதறிப்போனவன் வண்டியை மெட்டிலேயே போட்டுவிட்டு பஸ்ஸில் வருவான். வந்த பிறகு, வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். கிரிப்பை எபனேசர் தம்பியிடம் காட்டிவிடு என்று நைசாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்ட பிள்ளை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் இருந்தது அவளுடைய மூளை.

 அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் வேறு ஆளின் குரலாக இருந்தது.

"எப்பருந்து? வேர்க்குதா? இடது கை வலிக்குதா? ஒக்காரு. நடக்காத. அம்மா, இந்தா பாரு, ஜெபம் பண்ண யாரையாச்சும் கூப்புட்டுக்கிட்டு ஒக்காந்துறாத. அப்பாவுக்கு ஆன மாதிரி ஆக விடமாட்டேன். இந்தா வந்துட்டேன்."

"மெதுவா வாய்யா... பஸ்ல வாய்யா..."

போன் எப்போதோ அணைந்திருந்தது.

மறுபடி போட்டாள். பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டியில் இருக்கிறான். இறங்குகிறான். எபனேசர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. இறங்கையிலதான் வெவகாரம். சாயங்காலம் நிதானமாக இறங்கவேண்டியவனை, மஞ்சு மூடிய காலையில், உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கும்படி செய்தது யார்? சுகிர்தம் தரையில் உட்கார்ந்தாள். இப்போது நெஞ்சு உண்மையிலேயே அடித்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை ஊரில் எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை.

இனி என்ன வந்தாலும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். அவன் போனை எடுத்த மறுநொடியே சொல்லிவிடுவது. வீட்டைவிட்டுப் போகட்டும். அம்மா இல்லை என்று சொல்லட்டும். உயிரோடு நின்று சொல்லட்டும். ஆனால் அதைக் கேட்க அவன் போனை எடுக்கவேண்டுமே. பதினைந்து தரம் போட்டாள். ஒவ்வொரு தரமும் மணி அடிக்கிற நேரமெல்லாம் அவன் ஏதோ ஒரு வளைவில் சாய்ந்துகொண்டிருக்கிறான் என்று தோன்றியது. சட்டைப்பையில் கிடந்து அடிக்கிற போனே அவன் கவனத்தைக் கலைத்துவிடுமோ என்று அடுத்த பயம் வந்தது. போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எபனேசர் குதித்து இறங்கினார்.

"செல்வின் போன் போட்டான்க்கா. அம்மாவ ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கண்ணே, நான் நேரா அங்க வந்துர்றேன்னான். அழுதுட்டான் பய. ஏறுங்க, ஏறுங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாக. காலையில காப்பி குடுக்கையிலயே மூஞ்சி சரியில்ல, நான் பாத்தேன். ஏறுங்க மொதல்ல."

அவர் கைத்தாங்கலாக ஏற்றினார். தெருப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "ஐயோ சுகிர்தம்மா" என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இவளை உட்காரவே விடவில்லை. கட்டிலில் படுக்கவைத்துக் கையிலும் காலிலும் கவ்வி மாட்டி, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். மெஷின் ஓடியது. காகிதம் நீளமாக வந்தது. சுகிர்தம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழிலிருந்து இறங்குகிறான். இந்நேரம் பதிமூன்றா? பன்னிரண்டா? பதினொன்றைத் தாண்டிவிட்டானா? அந்தப் பதினொன்று மட்டும் அவளுக்குத் தாண்டவே மாட்டேனென்றது.

"வலி இப்ப இருக்காம்மா?" இளவயசு டாக்டர் கேட்டார்.

"இல்லய்யா. எம் போனக் குடுங்க."

"இ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு. கேஸ் ட்ரபிளா இருக்கலாம். எதுக்கும் ரெண்டு மணி நேரம் படுத்துருங்க, மறுபடி ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்."

எபனேசர் வெளியே நடந்துகொண்டே யாருக்கோ நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தத்தின் போன் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அவரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கி, "அசையாம படுங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். நன்றாக இருக்கிறவளை நோயாளி என்று கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். தானே விரித்த வலை என்பதால் யாரையும் நோகவும் முடியவில்லை.

பத்தேகாலுக்கு ஒரு ஜீப் வாசலில் வந்து நின்றது. தோட்டத்து ஜீப், மலையிலிருந்து வந்தது, டயரெல்லாம் செம்மண். இரண்டு பேர் ஒருவனைத் தாங்கி இறக்கினார்கள். வெள்ளைச் சட்டை. இடது கையைச் சுற்றி யாருடைய துண்டோ கட்டியிருந்தது. துண்டு என்ன நிறம் என்று தெரியாதபடி நனைந்திருந்தது.

சுகிர்தம் கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. நர்ஸைத் தள்ளிவிட்டு, மாட்டிய வயர்களை உருவிப் போட்டுவிட்டு ஓடினாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அதற்குள் அவனை அடுத்த அறையில் படுக்கவைத்திருந்தார்கள். நெற்றியிலும் தாடையிலும் சதை பிய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, நினைவு இருந்தது. துண்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், முகத்தில் ஒன்றும் காட்டாமல், "மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும், ஆம்புலன்ஸ் சொல்லுங்க" என்றார். இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே கை இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. வளைவுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்று ஜீப்காரர் தாழ்ந்த குரலில் எபனேசரிடம் சொன்னார். ஸ்க்ரூ திருப்புகிற கை, அரை கிராம் பார்க்கிற கை.

"எபனேசரண்ணே" என்றான் செல்வின்.  "அம்மா எப்படி இருக்கு?"

"நல்லாருக்காகய்யா. ஒண்ணுமில்லன்னுட்டாக. இ.சி.ஜி. நல்லாருக்காம். இந்தா நிக்கிறாக பாரு."

செல்வின் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. "ஸ்தோத்திரம்" என்றான். ஆண்டவருக்கு நன்றி சொல்கிற அந்த வார்த்தை ஆறு வருஷமாக அவன் வாயில் வந்ததில்லை.  சுகிர்தத்துக்கு அந்த வார்த்தை சவுக்கடிபோல விழுந்தது.

"கிரிப்பு கையோட வந்துருச்சுண்ணே" என்றான். "எந் தப்புதான். நீங்க சொன்னீக, கடையிலயே மாட்டிட்டுப் போன்னு. சரியாக் காயவிடாம எடுத்துட்டுப் போயிட்டேன். சோப்புத் தண்ணியக் கூடப் போட்டுட்டேன் போல."

எபனேசர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "விடுய்யா, உசுரு இருக்குல்ல. அது போதும்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பழியை அவனே தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டான். இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் ஆயுசுக்கும் அம்மாவாகவே இருந்துவிடலாம். மதுரைக்குக் கூடவே போகலாம், சோறு ஊட்டலாம், பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம். அவன் மட்டும், தன் கை தன் அவசரத்தால் போனது என்று சாகிறவரை நொந்துகொண்டிருப்பான். சுகிர்தத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

"உந் தப்பு இல்லய்யா" என்றாள்.

"சும்மா இரும்மா. நீ ஒக்காரு மொதல்ல."

"மக்குல எண்ணெ ஊத்துனது நாந்தான். ஜெபம்பண்ணுன எண்ணெ. நீ போன் பேசப் போனப்ப ஊத்துனேன். ஒனக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னு ஊத்துனேன்யா. அது காயாதுன்னு எனக்குத் தெரியாது. காலையிலதான் எபனேசர் தம்பி சொன்னாக."

 எபனேசர் மெதுவாக அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். செல்வின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் முகத்தில் கோபம் வரும், கத்துவான் என்று சுகிர்தம் காத்திருந்தாள். கத்தினால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. எதையோ வரிசையாக யோசிப்பவனைப்போல் புருவத்தைச் சுருக்கினான். காலையில் எபனேசர் சொல்லி அவளுக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு வந்த போன்.

"அப்ப நெஞ்சுவலி?" என்று கேட்டான்.

சுகிர்தம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் தடவிய பசை இன்னும் காயாமல் ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது.

"வலிக்கலய்யா" என்றாள்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவனைத் தூக்கி மாற்றுகிறபோது சுகிர்தம் கூடப்போவதற்காகச் செருப்பைத் தேடினாள். கதவருகே போனதும் செல்வின் நல்ல கையை நீட்டி எபனேசரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, நீங்க மட்டும் கூட வாங்க" என்றான். "அவுகள யாராச்சும் வீட்ல கொண்டுபோய் விட்டுருங்க."